பழைய கேம் புது லேப்டாப்பில் திறக்க மறுத்தால்: எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சரிசெய்யும் வழி

ஐகானை டபுள் கிளிக் செய்ததும் மவுஸ் ஓரத்தில் வட்டம் ஒரு நொடி சுற்றுகிறது. பிறகு ஒன்றுமே இல்லை. எர்ரர்கூட வருவதில்லை. இருபது வருடத்துக்கு முன் 512 எம்பி ரேமில் ஓடிய வைஸ் சிட்டியும் மோஸ்ட் வான்டடும் 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் இப்படிப் படுத்துக்கொள்ளும். உடனே பலரும் கை வைப்பது ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், காம்பாட்டிபிலிட்டி, விண்டோஸ் எக்ஸ்பி. அதுவும் பலிக்காவிட்டால் இணையத்தில் கிடைக்கும் டிஎல்எல் ஃபைல்களை (நிரல்கள் ஓடத் தேவைப்படும் துணை ஃபைல்கள்) ஒவ்வொன்றாக இறக்கி விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் போடுவது. முதலாவதால் பெரும்பாலும் பயன் இல்லை. இரண்டாவது லேப்டாப்பையே கெடுக்கும்.

பழைய கேம் திறக்காததற்கான காரணங்கள் எண்ணி ஏழெட்டுதான். ஒவ்வொரு காரணமும் கேமை வேறு வேறு இடத்தில் நிறுத்துகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நான்கு மாற்றத்தை ஒன்றாகச் செய்து கேம் ஓடினால், எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து தேட வேண்டிவரும்.

முதலில் விண்டோஸ் எழுதி வைத்திருப்பதைப் படியுங்கள்

கேம் சத்தமில்லாமல் மூடினாலும் விண்டோஸ் அதைக் குறித்து வைத்திருக்கும். ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ வரும். இன்றைய தேதிக்கு மேலே சிவப்புக் குறி இருக்கும். அதைத் தொட்டு, கீழே கேமின் பெயருக்கு எதிரே உள்ள ‘டெக்னிக்கல் டீடெயில்ஸ்’ திறங்கள். பார்க்க வேண்டியவை இரண்டே வரிகள்: ‘ஃபால்ட் மாட்யூல் நேம்’, ‘எக்ஸெப்ஷன் கோட்’.

கோட் சி0000135 என்றால் தேவையான டிஎல்எல் இல்லை. சி000007பி என்றால் 32 பிட் கேமுக்கு 64 பிட் டிஎல்எல் சிக்கியிருக்கிறது. யாரோ இறக்கிப் போட்ட டிஎல்எல்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். சி0000005 என்றால் கேம் தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தைத் தொட்டிருக்கிறது. இதற்கு மாட்யூல் பெயரைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெயர் ‘என்வி’, ‘ஐஜிடி’, ‘ஏடிஐ’, ‘ஏஎம்டி’ என்று தொடங்கினால் தகராறு கிராஃபிக்ஸ் டிரைவரோடு. கேமைத் திறக்கும் ஃபைலான இஎக்ஸ்இயின் பெயரே அங்கே இருந்தால் ரெசல்யூஷன், செட்டிங்ஸ் ஃபைல், ஃபோல்டர் அனுமதி பக்கம் போக வேண்டும்.

ஹிஸ்டரியில் ஒன்றுமே பதிவாகவில்லையா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கேமைத் தொடங்குங்கள். பெயர் தோன்றி இரண்டு நொடியில் மறைந்தால் கேம் தானாகவே வெளியேறியிருக்கிறது. சிடி சோதனையில் தோற்றதும், விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் பதிவு இல்லாததும் இப்படித்தான் நடந்துகொள்ளும். பெயர் அங்கேயே நின்று, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் அது கிராஃபிக்ஸ் கோளாறு.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட். ‘சிஸ்டம் டைப்’ வரியில் ‘ஏஆர்எம்’ என்று இருந்தால் உங்கள் லேப்டாப்பில் ஸ்னாப்டிராகன் வகைச் சிப் இருக்கிறது. இன்டெல், ஏஎம்டி சிப்புக்காக எழுதிய கேம் அதில் மொழிமாற்று அடுக்கின் வழியாகத்தான் ஓடும். பல பழைய கேம்கள் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் திருட்டுக் காப்பியைத் தடுக்க, தனி டிரைவர் கேட்கும் காப்புப் பூட்டு உள்ளவை ஓடாது.

இன்ஸ்டாலரே திறக்கவில்லை என்றால்

‘திஸ் ஆப் கான்ட் ரன் ஆன் யுவர் பிசி’ என்ற நீலப் பெட்டி வந்தால் இன்ஸ்டாலர் 16 பிட். 64 பிட் விண்டோஸால் 16 பிட் நிரலை ஓட்ட முடியாது, விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. 1990-களின் நடுவில் வந்த பல சிடிகளில் கேம் 32 பிட்டாகவும் இன்ஸ்டாலர் மட்டும் 16 பிட்டாகவும் இருக்கும். கேம் நன்றாக இருக்கிறது, வாசல்தான் அடைத்திருக்கிறது. இதற்கு ‘ஓடிவிடிஎம்’ என்ற இலவசக் கருவி உண்டு. அதன் ஃபோல்டரை விரித்து, சிடியின் செட்டப் ஃபைலை இழுத்து அதன் இஎக்ஸ்இ மேல் போட்டால் இன்ஸ்டாலர் திறக்கும்.

‘இடம் போதாது’ என்று இன்ஸ்டாலர் புலம்புவது இன்னொரு வகை. 400 ஜிபி காலியாக இருந்தாலும் சொல்லும். பழைய நிரல்கள் பல காலி இடத்தைப் பைட் கணக்கில், மைனஸும் ஏற்கும் 32 பிட் எண்ணில் வைத்தன. அதில் அடங்கும் பெரிய எண் 2,147,483,647. அதைத் தாண்டினால் கணக்கு சுற்றிக்கொண்டு மைனஸாகத் தெரியும். ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறந்து, ஆக்ஷன் மெனுவில் ‘கிரியேட் விஎச்டி’ கொடுத்து 1,900 எம்பிக்கு ஒரு மெய்நிகர் டிஸ்க் உருவாக்கி, ஃபார்மட் செய்து, அதற்குள் இன்ஸ்டால் செய்யுங்கள். முடிந்ததும் ஃபோல்டரை வெளியே எடுத்துவிடலாம். ரெஜிஸ்ட்ரியில் பாதையைச் சேமிக்கிற கேம் என்றால் டிஸ்கை அப்படியே வைத்திருப்பது நல்லது.

பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஃபோல்டரை மட்டும் பென் டிரைவில் காப்பி செய்து வந்தவர்களுக்கு: பல கேம்கள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை ரெஜிஸ்ட்ரியில் தேடும். அங்கே பதிவு இல்லாவிட்டால் பேசாமல் மூடிக்கொள்ளும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் கேமின் பதிவு ‘சாஃப்ட்வேர்’ கிளைக்குக் கீழே ‘வாவ்6432நோட்’ என்ற உள்கிளையில் இருக்க வேண்டும். எக்ஸ்பி கம்ப்யூட்டரில் எடுத்த ரெஜிஸ்ட்ரி ஃபைலை அப்படியே ஏற்றினால் தவறான கிளையில் போய் உட்காரும். முறையாக இன்ஸ்டால் செய்வதே எளிது. அந்நாளில் கடைகளில் விற்ற ‘ரிப்’, ‘ஹைலி கம்ப்ரெஸ்டு’ பதிப்புகளில் இந்தப் பதிவும், பல நேரம் பாட்டும் வீடியோவும் நீக்கப்பட்டிருக்கும். வீடியோ ஃபைல் இல்லாமல் தொடக்கத்திலேயே சாகிற கேமுக்கு எந்தச் செட்டிங்ஸும் மருந்தாகாது.

டிஎல்எல் இல்லை என்ற எர்ரர்

இதுதான் எல்லாவற்றிலும் சுலபம். அதிகம் பேர் தவறு செய்வதும் இங்கேதான்.

‘டி3டிஎக்ஸ்9_’ என்று தொடங்கி ஒரு எண்ணோடு முடியும் ஃபைலையோ, ‘எக்ஸ்இன்புட்1_3’-ஐயோ கேட்டால், அவை கேம்கள் படம் வரையப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் தொகுப்பில், 9-வது பதிப்பின் காலத்துத் துணை ஃபைல்கள். விண்டோஸ் 11-ல் டைரக்ட்எக்ஸ் 12 இருந்தாலும் இவை உடன் வருவதில்லை. மைக்ரோசாஃப்ட் தளத்தில் ‘டைரக்ட்எக்ஸ் எண்ட் யூசர் ரன்டைம்ஸ் ஜூன் 2010’ என்ற தொகுப்பு கிடைக்கிறது. இறக்கித் திறந்தால் ஒரு ஃபோல்டர் கேட்கும். காலி ஃபோல்டர் ஒன்றைக் காட்டுங்கள். விரிந்த பிறகு அதற்குள் இருக்கும் ‘டிஎக்ஸ்செட்டப்’-ஐ ஓட்ட வேண்டும். பலர் விரித்ததோடு நிறுத்திவிட்டு, பலன் இல்லை என்கிறார்கள். இது டைரக்ட்எக்ஸ் 12-ஐத் தொடாது, பழையவற்றைப் பக்கத்தில் சேர்க்கும், அவ்வளவே.

‘எம்எஸ்விசிபி’, ‘எம்எஸ்விசிஆர்’ என்று தொடங்கினால் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற மைக்ரோசாஃப்ட் தொகுப்பு தேவை. 2005, 2008, 2010, 2012, 2013 என ஆண்டுக்கு ஒன்று, 2015 முதல் பிந்தையவற்றுக்குச் சேர்த்து ஒன்று. லேப்டாப் 64 பிட் என்பதால் எக்ஸ்64 பதிப்பு போதும் என்று நினைக்காதீர்கள். கேம் 32 பிட் என்றால் எக்ஸ்86 பதிப்பு கட்டாயம். இரண்டையும் போட்டுவிடுங்கள், ஒன்றுக்கொன்று இடிக்காது.

‘டிப்ளே’ பெயர் வந்தால், பலர் சேர்ந்து ஆட உதவிய டைரக்ட்ப்ளே என்ற பழைய துணைநிரல் தேவை. விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் அழுத்தி, ‘ஆப்ஷனல்ஃபீச்சர்ஸ்’ என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத் தட்டுங்கள். ‘லெகசி காம்போனன்ட்ஸ்’ என்பதை விரித்து டைரக்ட்ப்ளேயை டிக் செய்யுங்கள். அதே பட்டியலில் டாட்நெட் 3.5-உம் இருக்கிறது, அதையும் டிக் செய்யலாம்.

‘எக்ஸ்லைவ்’ இல்லை என்று வந்தால் அது 2008-ஐ ஒட்டி வந்த கேம்களோடு பிணைந்திருந்த கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ் சேவை. அதன் கடை 2013-ல் மூடப்பட்டது. ஜிடிஏ 4-ன் 2020 ஸ்டீம் (இணையக் கேம் கடை) பதிப்பிலும், ஃபால்அவுட் 3-ன் 2021 அப்டேட்டிலும் அதை எடுத்துவிட்டார்கள். உங்களிடம் ஸ்டீம் பிரதி இருந்தால் அப்டேட் செய்தாலே பிரச்சினை போய்விடும்.

சிடி கேட்கும் கேமும் காணாமல்போன டிரைவரும்

2000-ஐ ஒட்டி வந்த அசல் சிடிகள் பலவற்றில் சேஃப்டிஸ்க் என்ற காப்புப் பூட்டு உண்டு. சிடியைத் திறந்து பாருங்கள். 00000001.டிஎம்பி என்ற ஃபைலோ, ‘செக்டிஆர்வி’ என்ற பெயரோ தென்பட்டால் அதுதான். இது விண்டோஸின் அடிமட்டத்தில் ஓடும் ஒரு டிரைவரை நம்பியிருந்தது. அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த அப்டேட்டில் விஸ்டா, 7, 8-லும் முடக்கியது. அதனால்தான் காசு கொடுத்து வாங்கிய அசல் சிடி, டிரைவில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ‘சிடியைப் போடுங்கள்’ என்கிறது. பழைய டிரைவரைத் தேடிப் பிடித்து ஏற்றுவது, அதற்காகக் ‘கோர் ஐசொலேஷன்’ பாதுகாப்பை அணைப்பது, இரண்டும் வேண்டாம். ஒரு கேமுக்காக முழு லேப்டாப்பின் கதவையும் திறந்து வைப்பது போல அது. ஸ்டார்ஃபோர்ஸ் பூட்டு உள்ள சிடிகளுக்கும் இதே எச்சரிக்கை.

நேர் வழிகள் மூன்று. கேம் கம்பெனியே கடைசியாக வெளியிட்ட பேட்ச் சில கேம்களில் சிடி சோதனையை நீக்கியிருக்கும், அதை முதலில் தேடுங்கள். அசல் சிடி கையில் இருந்தால் ‘சேஃப்டிஸ்க்ஷிம்’ என்ற கருவி, டிரைவர் இல்லாமலே கேமுக்கு வேண்டிய பதிலைக் கொடுக்கும். மூன்றாவது, ஜிஓஜி என்ற இணையக் கடையிலோ ஸ்டீமிலோ மறுபடி வாங்குவது. தள்ளுபடி நாளில் பல பழைய கேம்கள் ஒரு சினிமா டிக்கெட் விலைக்குள் வந்துவிடும். ஜிஓஜி பிரதிகளில் பூட்டு கிடையாது. ஆனால் பெயரைப் பார்த்து வாங்குங்கள். மோஸ்ட் வான்டட் என்று இன்று கடையில் தெரிவது 2012-ல் வந்த வேறு கேம். பலரும் தேடுகிற 2005 மோஸ்ட் வான்டட் டிஜிட்டலாக விற்பனையில் இல்லை.

லேப்டாப்பில் சிடி டிரைவே இல்லாதவர்கள், டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் சிடியை ஐஎஸ்ஓ ஃபைலாக்கிக் கொண்டுவரலாம். விண்டோஸ் 8 முதல் ஐஎஸ்ஓவை டபுள் கிளிக் செய்தாலே புது டிரைவாகத் திறக்கும். 1990-களின் கேம்களில் மட்டும் கவனம் வேண்டும். இசை அந்தச் சிடியிலேயே ஆடியோ டிராக்காக இருக்கும், ஐஎஸ்ஓவில் அது ஏறாது. ‘பின்’, ‘க்யூ’ என்ற இரண்டு வகை ஃபைல்களாக எடுத்து, ஆடியோ டிராக்கையும் வாசிக்கும் மெய்நிகர் சிடி டிரைவ் கருவியில் ஏற்ற வேண்டும்.

ஃபோல்டரும் பயனர் பெயரும்

எக்ஸ்பி காலத்துக் கேம்கள் சேவ் ஃபைலையும் செட்டிங்ஸையும் தாங்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே எழுதின. விஸ்டாவிலிருந்து புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத அனுமதி கிடையாது. எனவே இன்ஸ்டால் செய்யும்போதே பாதையை மாற்றி, சி டிரைவில் ‘கேம்ஸ்’ என்று ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வையுங்கள். இந்த ஒன்றே கணிசமான கேம்களை எழுப்பிவிடும்.

தமிழ் பயன்படுத்துகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் கணக்கு தொடங்கும்போது பெயரைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருந்தால், யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் ஃபோல்டரின் பெயரும் தமிழில் இருக்கக்கூடும். யூனிகோடு தெரியாத பழைய கேமுக்கு அந்தப் பாதை வெறும் கேள்விக்குறிகளாகத்தான் போய்ச் சேரும். யூனிகோடு தெரியாத நிரல்களுக்காக விண்டோஸில் தேர்ந்தெடுக்கும் எழுத்துக் குறியீட்டுப் பக்கங்களில் தமிழுக்கு ஒன்று கிடையாது, அதனால் மொழி செட்டிங்ஸை மாற்றினாலும் சரியாகாது. கேம் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரைத் தேடி, கிடைக்காமல் செத்துவிடும். கணக்கின் பெயரை மட்டும் மாற்றினால் ஃபோல்டர் மாறாது. ஆங்கில எழுத்தில் புதிதாக ஒரு லோக்கல் கணக்கு தொடங்கி, கேம்களை அதில் ஆடுங்கள். ரீஜன் செட்டிங்ஸில் ‘யூடிஎஃப்-8’ பீட்டா என்ற டிக்கை யாராவது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அது பழைய கேம்களின் எழுத்துகளைக் குலைக்கும்.

புது லேப்டாப்களில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் ஒன்டிரைவுக்குள் நகர்ந்திருப்பதும் சேவ் ஃபைல் காணாமல்போவதற்கு ஒரு காரணம். ஒன்டிரைவ் செட்டிங்ஸில் டாக்குமென்ட்ஸ் பேக்கப்பை நிறுத்துங்கள்.

இதே இடத்தில் இன்னொரு கைவேலை. டாக்குமென்ட்ஸில் ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் யூசர் ஃபைல்ஸ்’ என்ற ஃபோல்டருக்குள் ‘ஜிடிஏ_எஸ்ஏ.செட்’ என்று ஒரு ஃபைல் இருக்கும். முன்பு ஓடி, திடீரென்று திறக்க மறுத்தாலோ மவுஸ் அசையாவிட்டாலோ அதை மட்டும் அழியுங்கள். கேம் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளும். சேவ் ஃபைல்கள் தனியாக இருப்பதால் போகாது. வைஸ் சிட்டியிலும் இதேபோல் ‘ஜிடிஏ_விசி.செட்’.

கறுப்புத் திரை, கலைந்த நிறம், வீடியோ மோட் இல்லை

இங்கேதான் நேரம் அதிகம் போகும்.

லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப் இருந்தால், கேம் எதில் திறக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ். அங்கே கேமின் இஎக்ஸ்இயைச் சேர்த்து ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ கொடுங்கள். அதில் விழுந்தால் ‘பவர் சேவிங்’ கொடுத்துப் பாருங்கள். 20 வருடக் கேமுக்கு இன்டெல் சிப்பே தாராளம்.

அடுத்து திரை. 144 அல்லது 165 ஹெர்ட்ஸில் இருந்தால் ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’யில் 60-க்கு இறக்குங்கள். எழுத்தளவு 150 சதவீதத்தில் இருந்தால் பழைய கேமின் படம் மூலையில் வெட்டுப்பட்டு நிற்கும். இஎக்ஸ்இயின் பிராப்பர்ட்டீஸ், காம்பாட்டிபிலிட்டி, ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ என்று போய், கீழே உள்ள ‘ஓவர்ரைடு’ டிக்கைப் போட்டு ‘அப்ளிகேஷன்’ என்று தேர்ந்தெடுங்கள்.

இவ்வளவுக்கும் அசையாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை நடுவில் உட்கார வைக்க வேண்டும். பழைய டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை இன்றைய கார்டுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் சிறிய டிஎல்எல்கள் இவை. டிஜிவூடூ 2 இவற்றில் முதன்மையானது. கட்டளை எந்தத் தலைமுறை என்பதைப் பொறுத்து ஃபைல் மாறும். 2000 வரையிலான கேம்களில் பெரும்பாலானவை டைரக்ட்எக்ஸ் 7 அல்லது அதற்கு முந்தையது, ‘டிடிரா’, ‘டி3டிஐஎம்எம்’ இரண்டும் தேவை. வைஸ் சிட்டி 8, எனவே ‘டி3டி8’. சான் ஆண்ட்ரியாஸும் மோஸ்ட் வான்டடும் 9, எனவே ‘டி3டி9’.

டிஜிவூடூவின் ஜிப்பை விரித்தால் ‘எம்எஸ்’ என்ற ஃபோல்டர், அதற்குள் எக்ஸ்86, எக்ஸ்64. எக்ஸ்86-ல் இருந்துதான் எடுக்க வேண்டும். தவறி எக்ஸ்64-ஐப் போட்டால் முன்பு சொன்ன சி000007பி எர்ரர் வரும். அந்த டிஎல்எல்லையும் ‘டிஜிவூடூசிபிஎல்’ நிரலையும் கேமின் இஎக்ஸ்இ இருக்கும் அதே ஃபோல்டரில் வையுங்கள். சில கேம்களில் ஷார்ட்கட் ஒன்றைக் காட்டும், உண்மையான இஎக்ஸ்இ உள் ஃபோல்டரில் ஒளிந்திருக்கும். ஷார்ட்கட்டில் ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ கொடுத்து இடத்தை உறுதிப்படுத்துங்கள். பிறகு சிபிஎல்லைத் திறந்து, மேலே காட்டும் பாதை கேம் ஃபோல்டர்தானா என்று பாருங்கள். டைரக்ட்எக்ஸ் பக்கத்தில் ‘பாஸ்த்ரூ’ டிக் இருந்தால் எடுங்கள். வீடியோ மெமரியை 256 எம்பியில் வையுங்கள். 8 ஜிபி என்று உண்மையைச் சொன்னால் குழம்புகிற கேம்கள் உண்டு. ‘வாட்டர்மார்க்’ டிக்கை இப்போதைக்கு விட்டு வையுங்கள். கேம் திறந்ததும் திரையின் கீழ் மூலையில் டிஜிவூடூ அடையாளம் தெரிந்தால், மொழிபெயர்ப்பாளர் வேலை செய்கிறார் என்று பொருள். தெரியாவிட்டால் டிஎல்எல் தவறான ஃபோல்டரில் இருக்கிறது, அல்லது தவறான தலைமுறை. உறுதியான பிறகு டிக்கை எடுத்துவிடலாம். இந்த ஃபைல்களை ஒருபோதும் சிஸ்டம்32-க்குள் போடாதீர்கள். போட்டால் லேப்டாப்பில் உள்ள எல்லா நிரலும் அதன் வழியாகப் போகத் தொடங்கும்.

இன்டெல் ஆர்க் கார்டு உள்ளவர்கள் டைரக்ட்எக்ஸ் 9 கேம்களில் தகராறு கண்டால் காரணம் இது: அந்தக் கார்டில் டைரக்ட்எக்ஸ் 9 நேரடியாகக் கிடையாது, டிரைவரே மொழிபெயர்த்துத்தான் ஓட்டுகிறது. டிஎக்ஸ்விகே என்ற தொகுப்பின் எக்ஸ்32 ஃபோல்டரிலிருந்து ‘டி3டி9’-ஐ எடுத்துக் கேம் ஃபோல்டரில் வைத்துப் பாருங்கள். அது வல்கன் என்ற இன்னொரு கிராஃபிக்ஸ் தொகுப்பின் வழியாகப் போகும், பல நேரம் வேகமும் கூடும்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ன் 1999 சிடியில் புல்தரை ஊதாவாகவும் தண்ணீர் சிவப்பாகவும் தெரிவது வேறு கதை. அந்தக் கேம் 256 நிறங்கள் கொண்ட ஒரே தட்டை வைத்துப் படம் வரைகிறது. அதே தட்டில் விண்டோஸும் கை வைப்பதால் நிறங்கள் இடம் மாறுகின்றன. டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு ஆடுவது பழைய தந்திரம். சிஎன்சி-டிடிரா என்ற டிஎல்எல்லைக் கேம் ஃபோல்டரில் போடுவது சுத்தமான வழி. 640×480-ல் ஓடும் மற்ற பல கேம்களுக்கும் அது பொருந்தும்.

‘640×480 வீடியோ மோட் கிடைக்கவில்லை’ என்று பழைய ஜிடிஏக்கள் மறுத்தால், சைலன்ட்பேட்ச் என்ற ரசிகர் திருத்தத்தைப் போடுங்கள். வைஸ் சிட்டிக்கும் சான் ஆண்ட்ரியாஸுக்கும் தனித்தனியாக இருக்கிறது. அது வெறும் திரைத் திருத்தம் மட்டும் கிடையாது. சான் ஆண்ட்ரியாஸில் என்ன நடந்தது என்று பார்த்தால் பழைய கேம்கள் ஏன் விழுகின்றன என்பதே விளங்கும். 2024 இறுதியில் வந்த விண்டோஸ் 11 24எச்2-க்குப் பிறகு, அந்தக் கேமில் ஸ்கிம்மர் என்ற நீர் விமானம் காணாமல்போனது. கருவி வைத்து வரவழைத்து ஏறினால் ஆட்டக்காரர் வானத்துக்கு அப்பால் வீசப்பட்டார். எல்லோரும் விண்டோஸைத் திட்டினார்கள். சைலன்ட்பேட்ச் எழுதியவர் 2025 ஏப்ரலில் தோண்டிப் பார்த்தபோது, வாகனப் பட்டியல் ஃபைலில் ஸ்கிம்மரின் வரியில் மட்டும் சக்கர அளவுகள் விட்டுப்போயிருந்தன. வைஸ் சிட்டியில் அது படகுக் கணக்கில் இருந்தது, படகுக்குச் சக்கரம் எதற்கு? சான் ஆண்ட்ரியாஸில் விமானமாக மாற்றியவர்கள் வரியை நிரப்ப மறந்தார்கள். அளவு இல்லாதபோது கேம், முந்தைய வாகனத்தைப் படித்தபோது நினைவகத்தில் மிச்சமிருந்த எண்களை எடுத்துக்கொண்டது. அவை தற்செயலாகப் பொருத்தமாக இருந்ததால் இருபது வருடம் ஒருவருக்கும் தெரியவில்லை. புது விண்டோஸ் தன் உள்வேலைக்கு அதே இடத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பயன்படுத்த, மிச்ச எண்கள் அழிந்தன. இதை எந்தக் காம்பாட்டிபிலிட்டி டிக்கும் சரிசெய்யாது, விடுபட்ட எண்களை நிரப்பினால்தான் சரியாகும். உங்கள் கேமுக்கு இப்படி ரசிகர் திருத்தம் இருக்கிறதா என்று தேடுவதில் செலவழிக்கும் பத்து நிமிடம் வீண்போகாது.

கோர், வேகம், நினைவகம்

2005 வாக்கில் வீட்டுக் கம்ப்யூட்டர்களின் சிப்பில் பெரும்பாலும் ஒரே கோர், அதாவது கணக்குப் போடும் ஒரே பகுதி. நீட் ஃபார் ஸ்பீடு அண்டர்கிரவுண்ட் 2, மோஸ்ட் வான்டட் போன்றவை பல கோர்களில் சிதறி ஓடும்போது உறைந்து நிற்கும். நோட்பேடில் ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதுங்கள்: ஸ்டார்ட், இரட்டை மேற்கோள் ஒரு ஜோடி, சாய்கோடு அஃபினிட்டி, 1, பிறகு இஎக்ஸ்இயின் பெயர். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு இடைவெளி. கேம் ஃபோல்டரில் ‘பேட்’ ஃபைலாகச் சேமித்து, அதன் வழியாகத் திறங்கள். 1 என்றால் முதல் கோர் மட்டும். 3 என்றால் முதல் இரண்டு. ஃபால்அவுட் 3-க்கு வேறு வழி. அதன் ஐஎன்ஐ (செட்டிங்ஸ்) ஃபைலில் ‘பியூஸ்த்ரெட்டட்ஏஐ’ 1, ‘ஐநம்எச்டபிள்யூத்ரெட்ஸ்’ 2 என்று வைக்க வேண்டும்.

கேம் திறந்து, எல்லாம் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடினாலோ கார் தரையில் துள்ளினாலோ பிரேம் கணக்கு, அதாவது நொடிக்கு எத்தனை படம் வரைவது என்பது, கட்டுமீறியிருக்கிறது. கேமின் ‘பிரேம் லிமிட்டர்’ ஆன் ஆகியிருக்கட்டும். இல்லாவிட்டால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் ‘மேக்ஸ் பிரேம் ரேட்’ 60 கொடுங்கள். சான் ஆண்ட்ரியாஸில் லிமிட்டரை அணைத்தால் நீச்சலே ஆமை வேகமாகிவிடும், கவனித்திருப்பீர்கள்.

திறந்து அரைமணி கழித்து விழுகிற பெரிய கேம்களுக்கு, 32 பிட் நிரலின் 2 ஜிபி நினைவக எல்லை காரணமாக இருக்கலாம். ‘4ஜிபி பேட்ச்’ என்ற சிறு கருவியில் இஎக்ஸ்இயைக் காட்டினால் எல்லை 4 ஜிபியாகும். பழைய இஎக்ஸ்இயை முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

காம்பாட்டிபிலிட்டி பெட்டி எப்போது உதவும் என்றும் சொல்லிவிட வேண்டும். ‘விண்டோஸ் 98 அல்லது எக்ஸ்பி தேவை’ என்று கேமே வாய்திறந்து சொன்னால், அப்போது. அது கேமிடம் விண்டோஸின் பதிப்பை மாற்றிச் சொல்லி, பழைய நடத்தை சிலவற்றைப் போலச் செய்து காட்டும். கிராஃபிக்ஸ் கார்டை அது மாற்றாது, காணாத டிஎல்எல்லையும் கொண்டுவராது.

டேவ், பிரின்ஸ் போன்ற டாஸ் கேம்கள்

பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் ஆடிய டேஞ்சரஸ் டேவும் முதல் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவும் விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடியவை. இவற்றை விண்டோஸில் நேராகத் திறக்கும் முயற்சியே வேண்டாம். டாஸைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் நிரலை இறக்குங்கள். சி டிரைவில் ‘டாஸ்’ என்று ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர், அதற்குள் கேமின் ஃபோல்டர், பெயர் எட்டு எழுத்துக்குள். டாஸ்பாக்ஸில் ஆங்கிலத்தில் முதல் வரி ‘மவுண்ட் சி சி:\டாஸ்’, இரண்டாவது வரி ‘சி:’, மூன்றாவது ‘சிடி’ என்று போட்டுக் கேம் ஃபோல்டரின் பெயர், கடைசியாக இஎக்ஸ்இயின் பெயர். வேகம் தலைதெறித்தால் கண்ட்ரோலோடு எஃப்11 குறைக்கும், எஃப்12 கூட்டும்.

எல்லா வழியும் அடைபட்ட விண்டோஸ் 98 கேமுக்கு 86பாக்ஸ் இருக்கிறது. பென்டியம் காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்றை, அக்காலத்து வூடூ கிராஃபிக்ஸ் கார்டு உட்பட, மென்பொருளாலேயே கட்டித் தரும். அதற்குள் விண்டோஸ் 98 போட்டு, கேமைப் போட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆகும், லேப்டாப்பின் சிப்பும் வேகமானதாக இருக்க வேண்டும்.

கேம் ஓடத் தொடங்கியதும் அன்றைக்கே ஒன்று செய்யுங்கள். டிஎல்எல், ஐஎன்ஐ, பேட் ஃபைல் எல்லாம் உள்ளடங்க அந்த ஃபோல்டர் முழுவதையும், டாக்குமென்ட்ஸில் உள்ள சேவ் ஃபோல்டரையும் ஒரே ஜிப்பாக்கி வெளி டிஸ்கில் வையுங்கள். எந்தக் கருவியின் எந்தப் பதிப்பு, எந்த டிக், ரெஜிஸ்ட்ரியில் என்ன என்று நான்கு வரி எழுதிய நோட்பேட் ஃபைலையும் அதற்குள் போட்டுவிடுங்கள்.